தரையிலிருந்து மூன்று அடி

சென்னையில் புது ஃப்ளாட்டின் சாவி கைக்கு வந்ததும் வீட்டுக்காரரும் இன்டீரியர் ஆளும் சேர்ந்து செய்கிற முதல் காரியம் அண்ணாந்து பார்ப்பது. "ஹால்ல ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம் சார், ஓரத்துல வார்ம் லைட் ஓடவிட்டா லுக்கே மாறிடும்" என்று ஆரம்பிக்கிற பேச்சு அடுத்து டிவி யூனிட்டுக்கு வரும். அப்புறம் பூஜை அறைக் கதவில் மணி, சோபாவுக்குப் பின்னால் டெக்ஸ்சர் பெயின்ட், ஷோகேஸுக்குள் குட்டிக் குட்டி விளக்கு. பட்ஜெட்டில் பெரும்பங்கு நாலடி உயரத்துக்கு மேலேயே கரைந்துவிடும். இவ்வளவும் பேசி முடிக்கிறவரை அந்த வீட்டின் ஒன்றரை வயது உறுப்பினர் தரையில் உட்கார்ந்து பிளக் பாயின்ட் ஓட்டைக்குள் விரல் நுழைகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்.

ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரம் சுமார் இரண்டரை அடி. நாலு வயதில் மூன்றேகால் அடி இருக்கும். அதாவது முதல் நாலு வருஷம் அந்தக் குழந்தை வாழ்வது வீட்டின் கீழ் மூன்றடியில். அழகுக்கான காசு போவது மேல் ஆறடிக்கு. (ஃபால்ஸ் சீலிங்கை உண்மையிலேயே பார்க்கிற ஒரே ஜீவன் மல்லாக்கப் படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தைதான். அதற்கும் அந்த எல்இடி விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது என்பது தனிக்கதை.)

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "குழந்தை பிறந்தாச்சா, இனி அஞ்சு வருஷத்துக்கு வீடு வீடா இருக்காது, பொறுத்துக்கோ" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் வளர்க்கிற விதத்துல இருக்கு, எங்க வீட்டுல ஒரு பொருளைத் தொடமாட்டான்" என்பது இன்னொரு கட்சி. பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: அழகும் குழந்தையும் ஒரே கூரையின்கீழ் ஒத்துப்போகாது. முதல் கட்சி அழகைத் தியாகம் செய்கிறது, இரண்டாவது கட்சி குழந்தையை. அந்த இரண்டாவது வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "தொடாதே" என்ற சொல் கேட்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தால் தெரியும். அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் அம்மா. இல்லையென்றால் பாட்டி. வடிவமைத்தவர் யோசிக்காமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும் இவர்கள் காவலுக்கு நிற்கவேண்டியிருக்கிறது. கண்ணாடி டீபாய்க்குப் பக்கத்தில் ஒரு காவல், பால்கனிக் கதவுக்கு ஒரு காவல், பாத்ரூம் பக்கெட்டுக்கு ஒரு காவல். சம்பளமில்லாத செக்யூரிட்டி வேலை.

பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை என்று உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள். திண்ணை, முற்றம், ஊஞ்சல் என்று பட்டியல் வரும். பாதிதான் உண்மை. அந்த வீடுகளில் கிணறு இருந்தது, விறகடுப்பு இருந்தது, குழந்தை தடுக்கி விழுகிற உயரத்தில் வாசற்படி இருந்தது, மச்சுக்குச் செங்குத்தாக ஏறும் மரப்படி இருந்தது. குழந்தைகளுக்கென்று யோசித்துக் கட்டிய வீடுகள் அல்ல அவை. ஆனால் இரண்டு விஷயங்கள் அங்கே குழந்தைகளைக் காப்பாற்றின. ஒன்று, வாழ்க்கையே தரையில் நடந்தது. பாயில் தூக்கம், தரையில் சாப்பாடு, புடவையில் கட்டிய தூளி. கட்டிலில்லாத வீட்டில் கட்டிலிலிருந்து விழ முடியாது. இரண்டாவது, எந்த நேரமும் ஏழெட்டுப் பெரியவர்களின் கண் இருந்தது. அத்தை போனால் சித்தி, சித்தி போனால் திண்ணையில் தாத்தா. இன்றைய ஃப்ளாட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரே ஒரு ஜோடிக் கண். அதுவும் குக்கரையும் லேப்டாப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய கண். ஏழெட்டுப் பேர் பார்த்த வேலையில் பாதியையாவது இப்போது சுவரும் தரையும் கதவும் பார்த்தாகவேண்டும். வீட்டு வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இங்கே வேறென்ன வேலை?

குழந்தைக்கென்று யோசிக்கிறவர்களும் உண்டு, இல்லாமலில்லை. அவர்கள் யோசித்து முடிக்கும்போது 'கிட்ஸ் ரூம்' என்று ஒன்று வந்து நிற்கும். கார் வடிவக் கட்டில், பெண் குழந்தையென்றால் அடிக்கிற பிங்க், ஆணென்றால் நீலம், சுவர் முழுக்கக் கார்ட்டூன் ஸ்டிக்கர். பத்துக்குப் பத்து அறை. அந்த அறையில் என்ன நடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. குழந்தை தூங்குவது அப்பா அம்மா நடுவில். விளையாடுவது அம்மா எங்கே இருக்கிறாளோ அங்கே, அதாவது சமையலறை வாசலில், ஹால் நடுவில். கார் கட்டிலின்மேல் மடிக்காத துணி மலைபோல் கிடக்கும், ஓரத்தில் ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை நிற்கும். ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டில் நூறு சதுர அடியை ஒதுக்கிக் கொடுத்ததால் பாக்கித் தொள்ளாயிரத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்ற நிம்மதிதான் அந்த அறையின் ஒரே பயன். மூன்று வயதுக் குழந்தை தனியறை கேட்பதில்லை. ஆள் இருக்கிற இடத்தில் ஒரு மூலையைத்தான் கேட்கிறது.

எனவே அழகு பண்ணவேண்டிய இடம் ஹால். ஆரம்பிக்கவேண்டிய இடம் தரை.

இன்று கட்டுகிற ஃப்ளாட்டுகளில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ்தான் எங்கும். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். அதில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டிவிட்டால் பெரியவர்களே வழுக்குகிறார்கள், தத்தித் தத்தி நடக்கிற குழந்தையைக் கேட்கவே வேண்டாம். அதே டைல்ஸ் மேட் ஃபினிஷிலும் கிடைக்கிறது, விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆனால் பில்டரின் மாடல் ஃப்ளாட்டில் மின்னுவது பளபளப்புதான் என்பதால் அதுவே விற்கிறது. கையில் கொஞ்சம் காசும், தனி வீடு கட்டுகிற வசதியும் இருப்பவர்கள் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் செய்கிற சிமென்ட் கற்களை யோசிக்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டுக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல். துடைக்கத் துடைக்க மெருகு கூடும், வெயில் நாளில் குளுமையாக இருக்கும். குழந்தைக்கு அதில் இன்னொரு லாபம், படம் போட்ட தரை! கட்டம் கட்டமாக, பூப்பூவாக இருக்கும் தரையில் தவழ்கிற குழந்தைக்குத் தனியாக விளையாட்டுப் பாய் வாங்கவேண்டியதில்லை. (அதுவும் ஈரத்தில் வழுக்கும், துணியோடு ஒரு கண் தேவை.) ஏற்கெனவே போட்ட டைல்ஸை மாற்ற முடியாதவர்களுக்கு பவானி ஜமக்காளம் இருக்கிறது. கொச கொசவென்று முடி வைத்த கார்ப்பெட்டைவிடப் பலமடங்கு மேல். பால் கொட்டினால் அலசலாம், வெயிலில் போடலாம், மடித்து வைக்கலாம். அந்தப் பட்டைக் கோடுகளின் நிறத்துக்கு எந்த இறக்குமதி ரக்கும் கிட்டே நிற்காது. கீழே வழுக்காமலிருக்க ரப்பர் வலை ஒன்று போட்டால் போதும்.

தரையைப் பற்றிப் பேசும்போது வாக்கரைச் சொல்லாமல் விடமுடியாது. குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடுகிற அந்த பிளாஸ்டிக் வளையம். பளபளத் தரையில் அது எடுக்கிற வேகத்தை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். கனடாவில் 2004லேயே அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டார்கள், பழையதைக் கைமாற்றி விற்பதுகூடக் கூடாது. படிக்கட்டில் உருண்டு விழுகிற விபத்துகள்தான் காரணம். சீக்கிரம் நடக்க வைக்கும் என்பதும் கட்டுக்கதை. தேர்க்கடைகளில் விற்கிற மர நடைவண்டி வேறு சமாச்சாரம். அதில் குழந்தை உட்காருவதில்லை. பின்னால் நின்று, தன் காலில் நின்று தள்ளுகிறது. அதுவும் ஓடும், கூடவே ஆள் வேண்டும்தான். ஆனாலும் ஹால் மூலையில் சும்மா நிற்கும்போது எது அழகாக இருக்கும் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

அடுத்து டீபாய். சோபாவுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கூர்மையான நான்கு மூலையோடு ஒரு கண்ணாடிப் பலகை. யார் கண்டுபிடித்தார்களோ, நடை பழகுகிற குழந்தையின் நெற்றிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி உயரம். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக உடையும். டஃபன்ட் கண்ணாடி என்றால் சின்னச் சின்ன மணிகளாக நொறுங்கும். வாங்கும்போது இதைக் கேட்கிறவர்கள் குறைவு. நாலு வருஷத்துக்கு டீபாயே இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. அந்த இடத்தில் உருண்டையான மோடா ஒன்று போட்டால் வந்தவர் உட்காரலாம், குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கலாம், முட்டினாலும் காயமில்லை. நடுவில் காலியாகக் கிடக்கும் ஹால் பெரிதாகவும் தெரியும். சின்ன ஃப்ளாட்டில் பொருள் வாங்குவதைவிட வாங்காமலிருப்பதுதான் பெரிய ஸ்டைல்.

கூர்முனையாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சாய்கிற அலமாரி. இழுப்பறைகளைப் படிப்படியாகத் திறந்து ஏறுவது எந்த ஊர்க் குழந்தைக்கும் இயல்பு. மூன்று இழுப்பறை ஒரே சமயம் வெளியே வந்தால் அலமாரியின் பாரம் முன்னால் வந்துவிடும், மேலே தொங்குகிற இருபது கிலோவும் சேர்ந்தால் மொத்தமும் கவிழும். இப்படிக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்த பிறகு 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பல, பார்க்க மெல்லிசாக, நேர்க்கோட்டில், அழகாக இருந்தவை. சுவரோடு சேர்த்துத் திருகியிருந்தால் நின்றிருக்கும். அதற்குத் தேவை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு எல் ஆங்கிளும் நாலு ஸ்குரூவும். தச்சரிடம் சொன்னால் "இவ்ளோ வெயிட்டான பீரோ எங்க சார் சாயப்போகுது" என்பார். கேட்டுக்கொண்டே அடிக்கச் சொல்லவேண்டும். டிவியும் அப்படித்தான். மேசைமேல் நிற்கிற டிவியைவிடச் சுவரில் மாட்டிய டிவி நல்லது.

பொம்மைகள் வீட்டை நாசம் பண்ணுகின்றன என்பது அடுத்த புகார். இந்தப் புகாருக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழைய பதில் ஒன்று இருக்கிறது, அதுவும் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்திலிருந்தே வந்தது. 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' ஆரம்பித்தார். அது நடந்தது ஒரு குடியிருப்புக் கட்டிடத்துக்குள். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் குழந்தைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகிறார்கள், யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டிட நிர்வாகம் தேடியபோது கிடைத்தவர் அவர். குழந்தைகளை அதட்டுகிற வழியை விட்டுவிட்டு மேசை நாற்காலியின் அளவை மாற்றுகிற வழிக்குப் போனார். குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி, அதன் கைக்கு எட்டுகிற அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம். 1939இல் அதே மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். போர் வந்துவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்கவேண்டியதாயிற்று. இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு தொங்குகிறது. பள்ளிக்கு அந்தப் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் வீட்டுக்கு அதில் ஒரு நாற்காலியைக்கூடக் கொண்டுவருவதில்லை!

வீட்டுக்குக் கொண்டுவருவது கஷ்டமுமில்லை. இரண்டடி உயரத்தில் கதவில்லாத மர அலமாரி, இரண்டு தட்டு. அதில் எட்டுப் பத்துப் பொருட்கள் மட்டும். மீதி எல்லாம் லாஃப்ட்டில், வாரம் ஒருமுறை மாற்றலாம். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் குழந்தை செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, தொட்டியைக் கவிழ்ப்பது. அலமாரியில் வரிசையாக இருந்தால் எடுக்கும், ஓரளவுக்குத் திரும்ப வைக்கும். (தினமும் வைக்கும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.) சொப்பு சாமான், கடைந்த மரப் பம்பரம், நாலு பனையோலைக் கூடை என்று வைத்தால் அந்த அலமாரியே ஹாலின் அழகான மூலையாகிவிடும். ஷோகேஸுக்குள் பூட்டிக் கிடக்கும் பீங்கான் வாத்துகளைவிட நன்றாகவே இருக்கும்.

வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி இங்கே வரும். அழகான வீடு என்பது பெரும்பாலும் வருகிறவர்களின் கண்ணுக்காகச் செய்வதுதான். மாதத்துக்கு நாலு மணி நேரம் வருகிற விருந்தாளிக்காக, தினமும் பதினாலு மணி நேரம் விழித்திருக்கிற குழந்தையின் இடத்தைப் பிடுங்குகிறார்கள். தமிழ் வீடுகளுக்கு இதை வேறு மாதிரிச் செய்யவும் தெரியும். நவராத்திரியில் கொலு வைக்கும்போது மேல்படிகள் பெரியவர்களின் ராஜ்ஜியம், கீழே தரையில் வைக்கிற பார்க் குழந்தைகளுடையது. மண் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டில் குளம் செய்து, பொம்மைக் கார் விடுகிறார்கள். வருகிற மாமிகள் சுண்டலை வாங்கிக்கொண்டு முதலில் குனிந்து பார்ப்பது பார்க்கைத்தான். "இது யாருடா பண்ணினது?" என்று கேட்பார்கள். ஒன்பது நாள் முடிகிற ஏற்பாடு வருஷம் முழுக்க இருந்தால் என்ன கெட்டுவிடும்?

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை காயம், கீறல், எரிச்சல் அளவிலானவை. அடுக்குமாடியில் உயிர்ப் பிரச்சினை பால்கனி.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்பில் மாடியிலிருந்து தவறிய கைக்குழந்தை கீழ்த்தளத்தின் கூரைத் தகட்டில் சிக்கிக்கொண்டதும், அக்கம்பக்கத்தார் பெட்ஷீட் விரித்துப் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியாக ஏறிக் காப்பாற்றியதும் நாடு முழுக்க ஓடிய வீடியோ. குழந்தை பிழைத்தது. அதன் பிறகு முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் அந்தத் தாயை விசாரிக்க ஆரம்பித்தார்கள். என்ன பொறுப்பு இது, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், இவளெல்லாம் அம்மாவா என்று. மே மாதம் முடிவதற்குள் அந்தத் தாய் உயிருடன் இல்லை.

அவரைக் கேட்ட கேள்விகளில் நூற்றில் ஒரு பங்கு ஃப்ளாட் பால்கனிகளைப் பற்றிக் கேட்கப்பட்டிருந்தால் இந்த ஊரில் ஏதாவது மாறியிருக்கும். கேட்கப்படவில்லை. பால்கனிக்குக் கம்பி போடுகிறேன் என்று ஒரு குடும்பம் அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்தால் இன்றும் பல இடங்களில் வருகிற பதில், "எலிவேஷன் கெட்டுடும் மேடம், எல்லாரும் ஆளுக்கொரு டிசைன்ல போட்டா பில்டிங் என்ன ஆகுறது?" வெளியிலிருந்து பார்க்கிறவனின் கண்ணுக்காக உள்ளே இருக்கிற குழந்தை காத்திருக்கவேண்டும். அதையும் ஒரு தாய் கண் இமைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். தவறினால் பழி அவளுக்கு, எலிவேஷனுக்கு அல்ல.

இப்போதைய ஃபேஷன் கைப்பிடிகளும் லேசுப்பட்டவை அல்ல. எவர்சில்வர் குழாய்களைக் கிடைமட்டமாக நாலைந்து வரிசை ஓடவிடுகிறார்கள். பார்க்க நவீனமாக இருக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு அது ஏணி. கம்பி செங்குத்தாக இருந்தால் கால் வைக்க இடமில்லை. இடைவெளியும் முக்கியம். அமெரிக்காவின் வீட்டுக் கட்டிட விதிகள் 4 அங்குல உருண்டை நுழையக்கூடாது என்று வைத்திருக்கின்றன, குழந்தையின் உடம்பு நுழைகிற இடைவெளி இருக்கக்கூடாது என்ற கணக்கு அது. கைப்பிடி சரியான உயரத்தில் இருந்தும், அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோ, பெரிய பூந்தொட்டியோ, வாஷிங் மெஷினோ இருந்தால் அந்த உயரத்துக்கு அர்த்தமில்லை. மெல்லிய எவர்சில்வர் கம்பிக் கயிறுகளை இழுத்துக் கட்டுகிற 'இன்விசிபிள் கிரில்' இப்போது சென்னையில் பரவலாகக் கிடைக்கிறது. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. எலிவேஷன் காவலர்களுக்கும் சாக்கு இருக்காது. தொய்ந்தால் முறுக்கிக்கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். சன்னலில் இரும்புக் கிரில் போடுகிறவர்கள் ஒரு பகுதியைத் திறக்கிற மாதிரி வைத்துச் சாவியைப் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டவேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

தண்ணீரும் அப்படி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்கு வரிசையில் நின்ற நகரம் இது. பக்கெட், டிரம், அண்டா என்று நிரப்பி வைக்கிற பழக்கம் போகாது. பக்கெட்டில் அரையடித் தண்ணீர் போதும், தலைகீழாக விழுந்த குழந்தையால் எழ முடியாது, சத்தமும் வராது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். தனி வீடுகளில் கார் நிற்கிற இடத்துக்குக் கீழே சம்ப் இருக்கும். அதன் மூடி பூட்டோடு, குழந்தை தூக்க முடியாத கனத்தில் இருக்கவேண்டும். தண்ணீர் லாரிக்காரர் போன பிறகு மூடி திறந்தே கிடக்கிற வீடுகள் எத்தனையோ.

மின்சாரத்துக்குச் செலவு குறைவு. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மெயின் போர்டில் இருந்தால் கசிவு ஏற்பட்ட உடனே மின்சாரத்தை வெட்டிவிடும். எம்சிபி இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள், அது ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல. தரையோரப் பிளக்குகளுக்கு உள்ளே ஷட்டர் வைத்தது வாங்கவேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. 2017 நவம்பர் முதல் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்துவிட்டது. பழைய வீட்டில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதுதான் கவலை. அந்தத் தூசி பறக்கிற வாரம் குழந்தை பாட்டி வீட்டுக்குப் போவது நல்லது. சுவரில் கிறுக்குவதைத் தடுக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஹாலில் ஒரு சுவரில் மூன்றடி உயரம்வரை மட்டும் கரும்பலகைப் பெயின்ட் அடித்துச் சாக்பீஸைக் கையில் கொடுத்தால் மற்ற சுவர்கள் ஓரளவு தப்பும். வெள்ளைச் சுவருக்குக் கீழே கறுப்புப் பட்டை பார்க்கவும் பிரமாதமாக இருக்கும். பழைய வீடுகளில் அழுக்குத் தெரியாமலிருக்க அடியில் அடர்நிறப் பட்டை அடிப்பார்களே, அதே சங்கதிதான்.

வாடகை வீட்டில் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கழிக்கிற வீட்டு ஓனர்கள் நிறைந்த ஊர். ஜமக்காளம், மோடா, குட்டையான அலமாரி, டீபாயைத் தூக்கிப் பரணில் போடுவது இவற்றுக்கு யார் அனுமதியும் வேண்டாம். கட்டில் கால்களைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தையைத் தரையில் போடுவதற்கும் வேண்டாம். பால்கனிக் கம்பி விஷயத்தில் மட்டும் சண்டை போட்டாவது அனுமதி வாங்கவேண்டும், கிடைக்காவிட்டால் அந்த வீட்டையே விட்டுவிடவேண்டும். பிறகு வருத்தப்படுவதைவிட இரண்டு மாத வாடகை போவது மேல்.

சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். ஹால் சீலிங்குக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே எடுத்துக் கீழே வைக்கவேண்டியதுதான். முதலில் பால்கனி, அடுத்து ஆர்சிசிபி, அலமாரிகளுக்கு ஆங்கிள், வழுக்காத தரை, இரண்டடி அலமாரி. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் சீலிங் போடட்டும், யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. மிச்சமில்லையென்றால் நாலைந்து வருஷம் கழித்துப் போடலாம். அதற்குள் என்ன கலர் லைட் வேண்டும் என்று சொல்கிற வயது அந்தக் குழந்தைக்கே வந்திருக்கும்.